கணக்கைக் கெடுக்கும் மூன்றாவது நட்சத்திரம்

இருண்ட பொருள் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை ஈர்ப்பு விதியைத்தான் நாம் தப்பாக எழுதி வைத்திருக்கிறோமா? இதற்கு விடை தேடிப் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் கருவிகளை இறக்கியிருக்கிறார்கள், காலக்சிக் கூட்டங்களைக் கூட எடை போட்டுப் பார்க்கிறார்கள். இதே கேள்வியை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டே இரண்டு சாதாரண நட்சத்திரங்களிடமும் கேட்கலாம். ஒரே நிபந்தனை, இரண்டுக்கும் நடுவில் தூரம் ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 5,000 மடங்கு, 10,000 மடங்கு, சிலவற்றில் 20,000 மடங்கு. (அந்தப் பூமி-சூரியன் தூரத்தைத்தான் வானியல் அலகு என்பார்கள்.) இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு அகன்ற இரட்டைகள் என்று பெயர். சில வருடங்களாக இவற்றை வைத்து ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நான் விடாமல் படித்துவரும் அறிவியல் சண்டைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இரண்டு தரப்பும் ஒரே விண்கலத்தின் ஒரே தரவை எடுத்துக்கொண்டு நேர் எதிரான முடிவுகளுக்கு வந்து நிற்கிறார்கள், இரண்டு தரப்புமே கணக்கில் கெட்டிக்காரர்கள்.

முதலில் பின்னணி. 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் சுருள் காலக்சிகளை அளந்தபோது, வெளி ஓரத்தில் சுற்றும் பொருள்களின் வேகம் குறையவே இல்லை என்று கண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறையை மட்டும் வைத்து நியூட்டன் விதிப்படி பார்த்தால் குறைந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எடுத்த முடிவு, கண்ணுக்குத் தெரியாத நிறை ஏதோ இருக்கிறது என்பது, அதைத்தான் இருண்ட பொருள் என்கிறார்கள். 1983இல் மொர்தெஹாய் மில்க்ரோம் வேறு வழியில் யோசித்தார். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நியூட்டனின் விதியே மாறிவிடுகிறது, ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிட வலுவாகிறது என்றார். திருத்திய நியூட்டனிய இயக்கவியல் என்ற அந்தக் கருத்தைச் சுருக்கமாக மாண்ட் என்கிறார்கள்.

அந்த எல்லை முடுக்கத்தில் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு சுமார் 0.00000000012 மீட்டர் கூடும். இது எவ்வளவு சின்னது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நிலையாக நிற்கும் ஒரு பொருளை இந்த முடுக்கத்தில் இழுத்தால் ஒரு முழு நாளில் அது நகரும் தூரம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். ஒரு வருடம் விடாமல் இழுத்த பிறகு அதன் வேகம் விநாடிக்கு 4 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. பூமியின் மேற்பரப்பில் நம்மைக் கீழே இழுக்கும் முடுக்கத்தில் இது சுமார் 8,000 கோடியில் ஒரு பங்கு. சூரியக் குடும்பத்தின் ஓரத்துக்குப் போய் நெப்டியூனில் அளந்தாலும் சூரியனின் இழுப்பு இந்த எல்லையைவிட 50,000 மடங்குக்கு மேல் இருக்கும். அதனால்தான் கோள்கள் நியூட்டனுக்கு (நுட்பமான திருத்தங்களில் ஐன்ஸ்டைனுக்கு) அச்சுப் பிசகாமல் அடங்கி நடக்கின்றன, அந்தப் பிரதேசத்தில் மாண்டும் நியூட்டனும் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் சொல்கின்றன.

சூரியன் அளவு நிறையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனால் முடுக்கம் அந்த எல்லைக்கு இறங்கும்? கணக்குப் போட்டால் சுமார் 7,000 வானியல் அலகு வருகிறது. அகன்ற இரட்டைகள் வாழும் இடம் சரியாக அதுதான். இன்னொரு வசதியும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வசதி. இருண்ட பொருள் நாம் நினைக்கும் அளவுக்கு இருந்தாலும் அது பரந்து விரிந்து கிடக்கிற சமாச்சாரம். சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் அதன் அடர்த்தி ஒரு கன பார்செக்குக்குச் சூரிய நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவு என்று மதிப்பிடுகிறார்கள் (ஒரு பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு). 10,000 வானியல் அலகு ஆரமுள்ள ஒரு கோளத்துக்குள் அடங்கும் இருண்ட பொருளை இதை வைத்துக் கணக்கிட்டால் பூமியின் நிறையைப் போல ஒன்றரை மடங்கு வருகிறது. சூரியனைப் போன்ற இரண்டு நட்சத்திரங்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆக, காலக்சிகளில் இரண்டு தரப்பும் தப்பித்துக்கொள்ள இடம் இருக்கிறது, இங்கே இல்லை. இரட்டைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றினால் பழியை இருண்ட பொருளின் மேல் போட முடியாது. சரியான வேகத்தில் சுற்றினால், விதியை மாற்றச் சொன்னவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரட்டை நட்சத்திரங்களுக்கு இந்த வேலை புதிதும் அல்ல. வானத்தில் நட்சத்திரங்கள் இத்தனை ஜோடிகளாகத் தெரிவது தற்செயலாக இருக்க முடியாது என்று 1767இலேயே ஜான் மிச்செல் நிகழ்தகவுக் கணக்கு போட்டுச் சொன்னார். அவை உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று 1803இல் வில்லியம் ஹெர்ஷல் காட்டினார். 1827இல் ஃபெலிக்ஸ் சவாரி, சப்தரிஷி மண்டலத்தில் உள்ள ஒரு ஜோடிக்கு முதல் முறையாகச் சுற்றுப்பாதை கணக்கிட்டார், நியூட்டன் அங்கேயும் செல்லுபடியானார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே நியூட்டன் விதி எழுதிய முதல் பரீட்சை அது. ஆனால் அந்த ஜோடி ஒரு சுற்றை முடிக்க சுமார் 60 வருடம்தான் ஆகிறது, அதாவது நெருக்கமான ஜோடி. இப்போது கேட்கும் கேள்விக்கு அது போதாது.

அகன்ற இரட்டைகளின் தலைவலி இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இரண்டு நட்சத்திரங்களும் சேர்ந்து 2 சூரிய நிறை, இடைவெளி 10,000 வானியல் அலகு என்றால், ஒரு சுற்றுக்கு சுமார் 7 லட்சம் வருடம் ஆகும். யாரும் சுற்றுப்பாதையைப் பார்க்கப்போவதில்லை. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணத்தின் படம், இந்த இடத்தில் இந்த வேகத்தில் போகிறது என்ற தகவல் மட்டும். அந்த வேகமும் விநாடிக்கு 420 மீட்டர் அளவுதான். பயணிகள் விமானம் போகிற வேகத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. நூற்றுக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் அப்படி நகரும் ஒன்றை அளக்க வேண்டும்.

இதைச் சாத்தியமாக்கியது கையா. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பர் 19 அன்று ஏவிய விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று 2025 ஜனவரி வரை நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தைத் திரும்பத் திரும்பக் குறித்தது. 100 பார்செக் தூரத்தில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரம் வானத்தில் குறுக்கே நகரும் வேகத்தை விநாடிக்கு 10 மீட்டர் துல்லியத்துக்குச் சொல்ல கையாவால் முடிகிறது. அதன் தரவிலிருந்து கரீம் எல்-பத்ரியும் உடன் பணிபுரிந்தவர்களும் 2021இல் 13 லட்சம் இரட்டைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள், அதற்குப் பிறகுதான் களம் சூடுபிடித்தது.

ஆனால் இந்தத் துல்லியம் குறுக்குத் திசைக்கு மட்டும்தான். ஆழத்தில் கதை வேறு. அதே 100 பார்செக்கில் கையாவின் தூர அளவில் வரும் பிழை 40,000 வானியல் அலகு, அதாவது நாம் அளக்க வந்த இடைவெளியைவிடப் பிழை நான்கு மடங்கு பெரிது. இரண்டில் எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைப்பது வானத்தில் தெரியும் இடைவெளியும் வானத்தில் தெரியும் வேக வித்தியாசமும் மட்டுமே, மற்றதை ஆயிரக்கணக்கான ஜோடிகளைச் சேர்த்துப் புள்ளியியலில்தான் பிடிக்க வேண்டும்.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்றால், அளந்த வேக வித்தியாசத்தை, அந்த இடைவெளியில் நியூட்டன் சொல்லும் வட்டப்பாதை வேகத்தால் வகுக்கிறார்கள். நியூட்டன் சரி என்றால், பிணைந்திருக்கும் எந்த ஜோடிக்கும் இந்த விகிதம் 2இன் வர்க்கமூலத்தை, அதாவது 1.414ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது தப்பித்துப் போகும் வேகம். மாண்ட் சரி என்றால் அந்த வேலி சுமார் 20 சதவீதம் தள்ளி, 1.7 பக்கம் நகர வேண்டும், எல்லா ஜோடிகளும் கொஞ்சம் கொஞ்சம் வேகமாகத் தெரிய வேண்டும்.

ஏன் 20 சதவீதத்தோடு நிற்கிறது என்று கேட்டால், அதற்குக் காரணம் பால்வெளி. நம் பக்கத்தில் பால்வெளியின் ஈர்ப்பு முடுக்கமே மில்க்ரோமின் எல்லையைப் போல 1.8 மடங்கு இருக்கிறது. நியூட்டனின் உலகத்தில் இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும்போது அந்த வெளி இழுப்பு அவற்றுக்குள் நடப்பதைக் கிட்டத்தட்டத் தொடாது. மாண்டில் தொடும். வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு உள்ளே நடப்பதை மாற்றிவிடும், அதனால் விளைவு ஒரு அளவுக்கு மேல் வளராது. இது மட்டும் இல்லாதிருந்தால் தூரம் கூடக்கூட வித்தியாசமும் ஏறிக்கொண்டே போயிருக்கும், விவாதம் என்றைக்கோ முடிந்திருக்கும்.

2023இல் சியோலில் உள்ள செஜோங் பல்கலைக்கழகத்தின் சே கியூ-ஹியூன், 200 பார்செக்குக்குள் இருக்கும் 26,000க்கும் மேற்பட்ட ஜோடிகளை எடுத்துக்கொண்டு, முடுக்கம் குறையக் குறைய நியூட்டனிலிருந்து விலகல் தெரிகிறது என்று வெளியிட்டார். ஈர்ப்பு 40 சதவீதம் அளவுக்கு (வேகத்தில் பார்த்தால் அதே சுமார் 20 சதவீதம்) கூடியிருப்பதுபோல் வருகிறது, நம்பகத்தன்மை 10 சிக்மா என்றார். (ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் அளவுதான் சிக்மா, எண் கூடக்கூட அந்த வாய்ப்பு குறையும்.) மெக்சிகோவில் சேவியர் எர்னாண்டஸ் 2012 முதலே இதே திசையில் சொல்லிவருகிறார், அவர் மிகச் சுத்தமான சில நூறு ஜோடிகளை மட்டும் பொறுக்கியெடுத்தும் 2,000 வானியல் அலகுக்கு மேல் விலகல் இருக்கிறது என்கிறார். அதே 2023இன் கடைசியில் இந்திரனில் பானிக் குழுவின் கட்டுரை வந்தது. 8,611 ஜோடிகள், 2,000 முதல் 30,000 வானியல் அலகு வரை. முடிவு: நியூட்டன்தான், மாண்ட் 19 சிக்மா அளவில் தோற்கிறது. பானிக் பல வருடம் மாண்டின் பக்கம் நின்று எழுதியவர், இந்தச் சோதனையை 2018இலேயே விரிவாக முன்மொழிந்தவர்களில் ஒருவர். தான் சார்ந்திருந்த கருத்துக்கு எதிராக வந்த விடையை அப்படியே வெளியிட்ட அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

ஒரு பக்கம் 10 சிக்மா, இன்னொரு பக்கம் 19 சிக்மா, இரண்டும் ஒரே தரவு. இதில் சிக்மாக்களைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை. அவை தற்செயலான சிதறலை மட்டும்தான் கணக்கில் எடுக்கின்றன, கணக்கின் அடிப்படை அனுமானங்கள் தவறாக இருந்தால் எத்தனை சிக்மா வந்தாலும் பயனில்லை. சண்டையின் மையம் ஈர்ப்பு விதியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நட்சத்திரத்தில் இருக்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஜோடியில் ஒன்று சூரியனைப் போன்றது. அதற்கு 30 வானியல் அலகு தள்ளி, சூரிய நிறையில் 0.3 பங்குள்ள ஒரு மங்கலான சிறு நட்சத்திரம், ஒரு சிவப்புக் குள்ளன், ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பார்செக்கிலிருந்து பார்த்தால் அவை இரண்டும் மூன்றில் ஒரு பங்கு விகலைக்குள் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஒட்டிக்கொண்டு இருக்கும், பிரகாச வித்தியாசமும் சேர்ந்தால் கையாவுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். இந்தக் குள்ளன் பெரிய நட்சத்திரத்தை விநாடிக்கு 1.4 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டும். நாம் தேடிவந்த 420 மீட்டரைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆட்டம் தெரியாதா என்றால், அதன் சுற்றுக்காலம் ஏறக்குறைய 145 வருடம், கையாவின் மூன்றாவது தரவுத் தொகுப்பில் இருப்பது 34 மாத அளவீடு. அந்தக் குறுகிய காலத்தில் பாதை கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியும். கையா ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் 'இதன் நகர்வு ஒற்றை நட்சத்திரம்போல ஒழுங்காக இருக்கிறதா' என்று ஒரு தர எண் தருகிறது. சில வருடச் சுற்றுக்காலம் கொண்ட துணைகளை அது நன்றாகப் பிடித்துவிடும், இந்த மாதிரி மெதுவான துணைகள் அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே வந்துவிடும். 

ஆக, எதிர்பார்த்ததைவிட வேகமான ஜோடிகள் என்பது புதிய ஈர்ப்பு விதியின் கையெழுத்தாகவும் இருக்கலாம், இப்படி மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கும் மும்மை நட்சத்திரங்களின் கையெழுத்தாகவும் இருக்கலாம். கேம்பிரிட்ஜின் கேத்தி கிளார்க் 2020இலேயே, அதிக வேகத்தில் தெரியும் ஜோடிகளை மறைந்த துணைகளே விளக்கிவிடும் என்று காட்டினார். இதை மறுப்பவர் யாரும் இல்லை, சேயின் கணக்கிலும் மறைந்த துணைகள் இருக்கின்றன. எத்தனை பங்கு என்பதில்தான் தகராறு. சே என்ன செய்கிறார் என்றால், நெருக்கமான ஜோடிகளில் நியூட்டன் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, அங்கே கணக்கு ஒத்துவரும்படி மும்மைகளின் பங்கை நிர்ணயிக்கிறார், பிறகு அதே பங்கை அகன்ற ஜோடிகளுக்குக் கொண்டுபோகிறார். பானிக் குழு நெருக்கமான ஜோடிகளைச் சேர்ப்பதில்லை. விகிதம் 1.7ஐயும் தாண்டி 2, 3, 4 என்று நீளும் வாலைப் பார்க்கிறது. அந்த வாலை நியூட்டனாலும் மாண்டாலும் விளக்க முடியாது, அது பெரும்பாலும் மும்மைகளின் வேலை, ஆகவே வாலிலிருந்து மும்மைகளின் எண்ணிக்கையையும் ஈர்ப்பு விதியையும் சேர்த்தே பொருத்திப் பார்க்கிறது. 

சே-எர்னாண்டஸ் தரப்பின் புகார், நியூட்டன் பிரதேசத்தில் கால் ஊன்றாமல் எப்படி ஒப்பிடுவது என்பது. பானிக் தரப்பின் புகார், சேயின் பட்டியலில் வேகப் பிழை பெரிதாக உள்ள ஜோடிகள் சேர்ந்திருக்கின்றன, பிழை பெரிதானால் வேகம் செயற்கையாகக் கூடித்தான் தெரியும் என்பது. இரண்டுமே நியாயமான புகார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு பக்கமும் அதற்குப் பதில் எழுதியாயிற்று, அந்தப் பதில்களுக்கும் பதில் வந்தாயிற்று.

இதிலிருந்து வெளியே வர நல்ல வழி, மூன்றாவது திசையின் வேகத்தையும் அளப்பது. நிறமாலையை எடுத்து, நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று பார்ப்பது. கையாவின் சொந்த நிறமாலை அளவு இதற்குப் போதாது, தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளால் முடியும். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நட்சத்திரத்தின் சொந்த ஈர்ப்பிலிருந்து ஏறி வெளியே வரும் ஒளி கொஞ்சம் சிவக்கும், சூரியனுக்கு இந்தச் செம்பெயர்ச்சியே விநாடிக்கு 630 மீட்டர் வேகம்போலத் தெரியும், தேடும் வேகத்தைவிடப் பெரிது. மேற்பரப்பில் கொதித்தெழும் வாயுவின் நகர்வு இன்னொரு பக்கம் இழுக்கும். 

நமக்கு மிக அருகில் இருக்கும் ஜோடியிலேயே இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். பிராக்ஸிமா சென்டாரி என்ற நட்சத்திரம், ஆல்ஃபா சென்டாரி ஜோடியிலிருந்து சுமார் 13,000 வானியல் அலகு தள்ளி இருக்கிறது, அங்கே முடுக்கம் மில்க்ரோமின் எல்லையில் 0.6 பங்குதான், அசல் மாண்ட் பிரதேசம். 2017இல் கெர்வெல்லா, தெவெனின், லோவிஸ் மூவரும் அதன் சார்பு வேகத்தை விநாடிக்கு 273 மீட்டர் என்று அளந்தார்கள், பிழை 49 மீட்டர். தப்பிக்கும் வேகம் 545 மீட்டர், ஆகவே பிராக்ஸிமா பிணைந்துதான் இருக்கிறது. அந்த நட்சத்திரத்தைத் துருவித் துருவிப் பார்த்த பிறகும் பிழை 49 மீட்டர்! அப்புறம், பாதை எவ்வளவு நீண்ட வட்டம் என்று தனியாகத் தெரியாதவரை 273 என்ற எண் இரண்டு விதிக்கும் பொருந்திவிடும். ஒரு ஜோடியை வைத்து வழக்கு முடியாது.

அதனால் எனக்குப் பிடித்த யோசனை, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு நட்சத்திரங்கள் கொண்ட ஜோடிகளாகப் பொறுக்குவது. நிறையும் ஆரமும் ஒன்றாக இருந்தால் செம்பெயர்ச்சியும் கொதிப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும், கழித்தால் போய்விடும். ஒவ்வொன்றையும் சில வருட இடைவெளியில் திரும்ப அளந்தால், வேகம் மாறுகிறதா என்று பார்த்து ஒளிந்திருக்கும் துணையையும் பிடித்துவிடலாம். இப்படிச் சில நூறு ஜோடிகள் போதும். 26,000 ஜோடிகளின் புள்ளியியலைவிட, மூன்றாவது ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்த 300 ஜோடிகளின் புள்ளியியலைத்தான் நான் நம்புவேன்.

என் சாய்வு எது என்றால், இன்றைய நிலையில் நியூட்டன் பக்கம்தான். வாலை வைத்து மும்மைகளை எண்ணும் முறை எனக்கு நேர்மையாகப் படுகிறது. இன்னொரு காரணம், இரட்டைகளோடு சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வருகிறது. காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியபோது அனுப்பிய ரேடியோ அலைகளால் சனியின் இடம் மிகத் துல்லியமாகத் தெரிந்தது. பால்வெளியின் இழுப்பு உள்ளே நுழைந்து விளையாடும் என்ற மாண்டின் அதே விளைவு சனியின் பாதையிலும் மெல்லிய இழுப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், அது தென்படவில்லை. அதே நேரத்தில், காலக்சிகளில் தெரியும் நிறையை மட்டும் வைத்து சுழற்சி வேகத்தை இவ்வளவு கச்சிதமாக மில்க்ரோமின் ஒரே ஒரு எண்ணால் எப்படி முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்பதற்கு இருண்ட பொருள் தரப்பிடம் எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைத்ததில்லை. இரட்டைகளில் நியூட்டன் ஜெயித்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

அடுத்து எதிர்பார்ப்பது கையாவின் நான்காவது தரவுத் தொகுப்பு. 2026 டிசம்பரில் வெளியிடுவதாகத் திட்டம். 34 மாதத்துக்குப் பதிலாக 66 மாத அளவீடு, குறுக்கு வேகத்தின் துல்லியம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். அதைவிட முக்கியம், இதுவரை தந்ததுபோல் சராசரியை மட்டும் தராமல், ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு தேதியில் எங்கே இருந்தது என்ற அளவுகளையே முழுதாகத் தரப்போகிறார்கள். அது வந்ததும் நான் முதலில் பார்க்கப்போவது சிக்மாவை அல்ல, இரண்டு தரப்பும் எத்தனை ஜோடிகளை மும்மை என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அந்த இரண்டு பட்டியலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான்.